கற்பூரமும் ஃப்ரிட்ஜ் பாலும் பட்ட புஷ்பராகம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், ரெண்டு வரி எழுதுவேன், பூஜை அலமாரியைத் திரும்பிப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாவது வரைக்கும் படித்தவள் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்கிற கூச்சம் ஒரு பக்கம். சாமி விஷயத்தையும் கல் விஷயத்தையும் சேர்த்து எழுதினால் என்னை நம்பிக்கை கெட்டவள் என்று நினைத்துவிடுவார்களோ என்கிற பயம் இன்னொரு பக்கம். விளக்கேற்றாமல் நான் ஒரு நாளும் காபி குடித்ததில்லை. வியாழக்கிழமை ஒருபொழுது இருக்கிறவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற இன்னொரு அம்மாவைக் கேட்காமல் எழுதக்கூடாது என்றும் இருந்தேன். போன மாசம் கேட்டேவிட்டேன். "எழுதிக்கோ. ஆனா என்ன நல்லவளாக்கி எழுதாத. நடந்தத எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மணவாள நகரில். என் வீட்டுக்காரருக்கு கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கிற கம்பெனியில் உலைப் பக்கம் வேலை. பெண் ஒருத்திதான். செல்போனுக்கு உள்ளே போகிற சின்னச் சின்ன சாமான் செய்கிற கம்பெனிக்கு ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு வரன் வரும், ஜாதகம் பொருந்தும், பேச்சு நடக்கும், கடைசியில் ஏதாவது ஒன்றில் தட்டிப்போகும். அப்படியே போய்க்கொண்டிருந்தபோது திருவாலங்காட்டிலிருந்து ஒரு இடம் வந்தது. நெல் விளைகிற நிலம் இருக்கிற குடும்பம், பையன் கம்பெனி வேலை, அப்பா இல்லை, அம்மாதான் எல்லாம். பெண்பார்த்துவிட்டுப் போன சாயங்காலம் என் பெண் மாவு கரைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "ம்மா, இது ஓகேம்மா" என்றாள். அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அடுப்பங்கரையிலேயே கை கூப்பத் தோன்றியது.

பையனுடைய அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பையன் ஜாதகத்தில் குரு பலம் குறைவாம். நிச்சயதார்த்தத்தில் நாங்கள் போடுகிற மோதிரம் புஷ்பராகம் வைத்ததாக இருக்க வேண்டும், ஆள்காட்டி விரலில் போட வேண்டும். அது எங்களுக்கும் சந்தோஷம்தான். குருவுக்கு உகந்த கல்லை யாராவது வேண்டாம் என்பார்களா?

திருவள்ளூர் பஜாரில் ராசிக்கல் விற்கிற பாய் கடைக்கு நானும் பெண்ணும் போனோம். என்னைவிட வயதில் சின்னவர். ரெண்டு மஞ்சள் கல்லை வெள்ளைக் காகிதத்தில் வைத்து முதலிலேயே பிரித்துச் சொல்லிவிட்டார். "அம்மா, இது கனக புஷ்பராகம். நீலக்கல்லோட ஜாதி, மஞ்சளா பொறந்தது. இன்னொண்ணு டோபாஸ். இது தனி ஜாதி. நம்ம பக்கம் ரெண்டுத்தையும் புஷ்பராகம்னுதான் கேட்டு வாங்கிக்கினு போறாங்க. ஜோசியருங்களும் ரெண்டும் போடலாம்னுதான் சொல்றாங்க. எது வேணும்னு நீங்க சொல்லுங்க."

எங்களால் முடிந்தது டோபாஸ்தான். தேனில் தண்ணீர் கலந்த மாதிரி ஒரு நிறம். அதே அளவில் ஒரு கண்ணாடிக் கல்லை என் இன்னொரு உள்ளங்கையில் வைத்தார். டோபாஸ் வைத்த கை லேசாகத் தாழ்ந்தது. "கன்னத்துல வெச்சிப் பாருங்க" என்றார். ஜில்லென்று இருந்தது, குழாயடியில் நனைந்த சொம்பு மாதிரி. வெறும் கல்லுக்கு இத்தனை குணமா என்று அங்கேயே எனக்கு ஒரு ஆவல் பிடித்துக்கொண்டது.

ராசிக்கல் மோதிரத்துக்கு அடிப்பக்கம் திறந்துதான் வைப்பார்கள், கல் விரலைத் தொட வேண்டும் என்று. அப்படியே செய்து வாங்கி வந்தோம். வீட்டில் என் பெண் அதை துப்பட்டாவில் நன்றாகத் தேய்த்து, கிழித்துப் போட்ட காகிதத் துணுக்குகள் மேல் காட்டினாள். துணுக்குகள் துள்ளிக்கொண்டு வந்து கல்லில் ஒட்டின.

"ம்மா, பாத்தியா, கரன்ட்டு! எங்க லைன்ல இத உள்ளயே விடமாட்டாங்க, இந்தக் கரன்ட்டு பட்டா சாமான் கெட்டுடும். கையில பட்டி கட்டி, தரையோட ஒயர் மாட்டித்தான் எங்கள உக்கார வெப்பாங்க. இதக் கொண்டுக்கினு போனேன்னா, சூப்பர்வைசர் மயக்கம் போட்ருவாரு."

"சாமிக்கு வாங்கினது, வெளையாடாத" என்று பிடுங்கி வைத்தேன். அவள் குளிக்கப் போனதும் நானும் ஒரு தரம் தேய்த்துப் பார்த்தேன்.

நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் முந்தைய வியாழக்கிழமை, விடியற்காலை குரு ஹோரையில் மோதிரத்துக்கு அபிஷேகம் செய்வது என்று பேச்சு. பையனுடைய அம்மா முதல் ரயிலிலேயே வந்துவிட்டார். "இன்னா சம்பந்தி, ஊட்ட இப்படி மினுக்கி வெச்சிக்கீற, நான் இன்னா கலெக்டரா?" என்று சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். இன்னும் நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் சம்பந்தி என்று கூப்பிட்டது எனக்குக் காதில் தேன் விட்டது போல இருந்தது.

பித்தளைத் தட்டில் மஞ்சள் துணி விரித்து, கொண்டைக்கடலை பரப்பி, மோதிரத்தை வைத்து, மஞ்சள் தண்ணீர், தேன் என்று வரிசையாகச் செய்தோம். பால் பாக்கி இருந்தது. அபிஷேகத்துக்குக் காய்ச்சாத பால்தானே வேண்டும்? முதல் நாளே வாங்கிய பாக்கெட் பால் ஃப்ரிட்ஜில் இருந்தது. அதை எடுத்து வரும்போது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு சம்பந்தி. எங்க ஊட்டு வழக்கம் ஒண்ணு கீது. பொன்னு வந்தாலும் சரி, கல்லு வந்தாலும் சரி, அக்கினி காட்டித்தான் எடுத்துக்குவோம். நெஜமான குரு கல்லு நெருப்புக்கு பயப்படாது."

எனக்கு அது தப்பாகப் படவில்லை. தங்கத்தை நெருப்பில் காட்டித்தானே பார்க்கிறார்கள்? கடலையை ஒதுக்கினோம், துணியை எடுத்தோம். மோதிரத்தைச் சுற்றிக் கற்பூரத்தை நானே அடுக்கினேன், அவர் ஏற்றினார். தீ நாக்கு கல்லுக்கு அடியிலும் மேலும் எழுந்தது. கல் அழகாகத்தான் இருந்தது, உள்ளே ஒரு விளக்கு எரிகிற மாதிரி. ரெண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கற்பூரம் அடங்கி வரும்போது அவர், "இப்ப குளுர வெக்கணும், ஊத்து" என்றார். கையிலிருந்த பாலை ஊற்றினேன்.

நகம் வெட்டினால் கேட்குமே, அந்த மாதிரி ஒரு சின்ன சத்தம்.

பாலிலிருந்து மோதிரத்தை எடுத்தபோது கல்லின் மேல் பாகம் சாய்வாக ஒரு பக்கம் வழுக்கித் தட்டில் விழுந்தது. நொறுங்கவில்லை, சிதறவில்லை. கத்தியால் வெண்ணெயைச் சீவினது போல ரெண்டாகப் பிரிந்து கிடந்தது.

பையனுடைய அம்மா குனிந்து தட்டையே பார்த்தார். அப்புறம் அவர் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். இட்லி ஊற்றி வைத்திருந்தேன். "நாஷ்டா வேணாம்மா" என்றார். "நல்ல காரியத்துக்கு முன்னாடி சாமி கல்லு ரெண்டா பொளந்தா அதுக்கு இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியல. அடுத்த வியாழக்கெழம கோயில்ல பூ கட்டிப் பாக்குறேன். வெள்ள வந்தா மேல பேசலாம். செவப்பு வந்தா, மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பது எங்கள் பக்கம் எல்லாரும் செய்கிற வழக்கம். நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு வாசலில் செருப்பு மாட்டும்போது "வரேம்மா" என்றார் பாருங்கள், சம்பந்தி என்கிற வார்த்தை காணாமல் போயிருந்தது. அது என்னை என்னவோ செய்துவிட்டது.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த பெண்ணிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ரெண்டு துண்டையும் ட்யூப்லைட் அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ம்மா, உடைஞ்ச எடத்தத் தொட்டுப் பாரு. பாலிஷ் போட்டாப்பல கீது." கொஞ்ச நேரம் கழித்து, குனிந்த தலை நிமிராமல், "எனக்கு அவரப் புடிச்சிருக்குன்னு உனக்குத் தெரியும். ஆனா ஒரு பொட்டலத்துல செவப்பு வந்துதுன்னு வேணாம்னு சொல்ற ஊட்டுக்கு, வெள்ள வந்தாலும் நான் எப்படிம்மா போறது?" என்றாள்.

பூ எந்த நிறம் வந்தாலும் இந்த சம்பந்தம் போய்விடும் என்று அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "இன்னாமே ஊத்துன?"

"பால்தான்."

"ஃப்ரிட்ஜ்ல இருந்து அப்படியேவா?" சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "பழுக்கக் காய்ஞ்ச இரும்பையே படக்குனு பச்சத் தண்ணில போட்டா விரிசல் வுடும். கல்லு இன்னா பண்ணும் பாவம்?"

"இரும்பு இவ்ளோ நேரா பொளக்குமா நைனா?" என்றாள் பெண். அவர் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இல்ல. இது வேற என்னமோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பெண் செல்போனில் தேடி, படித்துப் படித்து எங்களுக்குச் சொன்னாள். பூமிக்கு அடியில் உருகின பாறைக் குழம்பு இறுகி கருங்கல் ஆகுமாம். எல்லாம் இறுகின பிறகு கடைசியாக மிஞ்சின சூடான நீராவியும் வாயுவும் கல்லுக்குள் இருக்கிற ஓட்டைகளில் போய்த் தங்குமாம். பல்பொடி, பேஸ்ட்டில் எல்லாம் ஃப்ளோரைடு என்கிறார்களே, அந்த ஜாதி வாயு அதில் கலந்திருந்தால், அந்த ஓட்டையின் சுவரில் டோபாஸ் மெல்ல மெல்ல விளையுமாம்.

வீட்டுக்காரர் கை கழுவப் போனவர் பாதியில் திரும்பி நின்றார். "எங்க காஸ்டிங்ல காத்து மாட்டிக்கினு அந்த மாதிரி ஓட்ட வந்தா ப்ளோ ஹோல்னு ரிஜெக்ட் பண்ணி திரும்பவும் உலையில போட்ருவோம். சாமி அந்த ஓட்டையிலதான் ரத்தினம் வெக்குதா!"

அந்த நேரத்திலும் மூன்று பேரும் சிரித்தோம்.

மறுநாள் துண்டுகளை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். சண்டை போட வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ சொன்னார். நடந்ததைச் சொன்னேன். கற்பூரம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். ஃப்ரிட்ஜ் பால் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, இந்தக் கல்லுக்குப் பொறப்புலயே ஒரு வழி உண்டு. அந்த ஒரு பக்கமா மட்டும், ஒரு தட்டு தட்டினாலோ சூடும் குளுரும் சேந்து பட்டாலோ, சுத்தமா பிரிஞ்சிடும். பட்டை தீட்டுறவங்க இதுன்னா பயந்துக்கினுதான் தொடுவாங்க."

"கடப்பா கல்லு தகடு தகடா வருமே, அப்படியா?"

"கிட்டத்தட்ட. ஆனா கடப்பாவுல அடுக்கு கண்ணுக்குத் தெரியும். இதுல தெரியாது. உள்ள கட்டுமானமே அப்படி. கனக புஷ்பராகத்துக்கு இந்த வழி கிடையாது."

கல்லில் உறுதியே இல்லையா என்று கேட்டேன். கண்ணாடியைக் கீறுகிற உறுதி உண்டு என்றார். கீறலுக்கு உறுதி வேறு, பிளவுக்கு உறுதி வேறாம். கண்ணாடிப் பெட்டியில் நீல டோபாஸ் வரிசையாக இருந்தது. அதெல்லாம் பெரும்பாலும் பிறக்கும்போது தண்ணீர் நிறம்தான், கதிர் பாய்ச்சி, அப்புறம் சூடு காட்டி நீலமாக்குகிறார்கள் என்றார்.

"அப்ப அதுக்கு மட்டும் சூடு ஆவுதா பாய்?" என்று மடக்கினேன்.

"மெதுவா ஏத்தி மெதுவா எறக்குவாங்கம்மா. யாரும் நடுவுல பால் ஊத்த மாட்டாங்க" என்று சிரித்தார்.

எங்கே கிடைக்கிறது என்று கேட்டேன். நான் வாங்கினது பிரேசில் கல் என்றார். சிலோனில் ஆற்றுப் படுகைச் சரளையில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடக்குமாம், அரித்து எடுப்பார்களாம். ஏன் ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ், ஒன்றுக்கு நிறமே இல்லை என்று கேட்டதற்கு, "அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா" என்றுவிட்டார். கிளம்பும்போது டேபிள் அடியில் தேடி உடைந்த பாட்டில் துண்டு ஒன்றைக் கொடுத்தார். "இதையும் அதையும் பக்கத்துல வெச்சி அவங்கள பாக்கச் சொல்லுங்க."

சனிக்கிழமை மின்சார ரயிலில் தனியாகப் போனேன். ஸ்டேஷனில் நிற்கும்போது தண்டவாளத்துக்கு நடுவில் கொட்டிக் கிடக்கிற கருங்கல் ஜல்லியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷமாக மிதித்துத் தாண்டினது. இதே ஜாதிப் பாறைக்குள் எங்கோ ஒரு ஓட்டையில், யாரும் பார்க்காத இருட்டில், அந்தத் தேன் நிறம் விளைந்திருக்கிறது. யார் விளையவைத்தது? என் மனசுக்குக் குருவின் மேல் பக்தி குறையவே இல்லை, கூடத்தான் செய்தது.

திருவாலங்காட்டில் அந்த அம்மா நெல் மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். நாற்காலி போட்டார். மோர் கொடுத்தார். குறை ஒன்றும் இல்லை, சம்பந்தி மட்டும் இல்லை.

நான் சுற்றி வளைக்கத் தெரியாதவள். "நானும் பூ கேக்குறவதான். கேக்க வேணாம்னு சொல்ல வரல. சாமியக் கேக்குறதுக்கு முன்னாடி இந்தக் கல்ல ஒரு தரம் பாத்துருங்க" என்று மஞ்சள் துணியை அவிழ்த்தேன். பாட்டில் துண்டையும் பக்கத்தில் வைத்தேன்.

"இது இன்னாத்துக்கு?"

"கண்ணாடி உடைஞ்ச எடம் பாருங்க. சிப்பி ஓடு மாதிரி வளைஞ்சி வளைஞ்சி கீது. கல்லு உடைஞ்ச எடம் பாருங்க."

அவர் வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிளந்த முகத்தில் வெளிச்சம் கண்ணாடி மாதிரி பளிச்சிட்டு அவர் மூக்குத்தி மேல் விழுந்தது. சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் இத கண்ணாடின்னு நெனச்சேன்னு உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நெருப்புல காட்டும்போது என் மூஞ்சப் பாத்தீங்க இல்ல, கல்லப் பாக்காம."

அவருக்கு முகம் சிவந்துபோயிற்று. எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். "பெரிய போலீஸ்காரி" என்றார். "கண்ணாடியுந்தான் சூட்டுல உடையும். சுடு டீ ஊத்தி எத்தினி கிளாஸ் உடைச்சிருக்கேன். இது கல்லுன்னு எப்படி நம்புறது?"

நியாயமான கேள்வி. சின்னத் துண்டின் முனையால் பாட்டில் மேல் ஒரு கோடு இழுத்தேன். கீச் என்றது, வெள்ளைக் கோடு விழுந்தது. பாட்டில் துண்டால் கல்லைக் கீறினேன். ஒன்றும் ஆகவில்லை. "குடு" என்று வாங்கி அவரே கீறினார். இன்னொரு கோடு. அப்புறம் குறுக்கே ஒன்று. கடைசியில் பாட்டில் துண்டு முழுக்கப் புள்ளி வைக்காத கோலமாக ஆகிவிட்டது. "எப்பா, இன்னாமா அறுக்குது!" என்றார்.

பாய் சொன்னதையெல்லாம் சொன்னேன். பிறப்பிலேயே ஒரு வழி, நெருப்பு, குளிர்ந்த பால். ஓட்டையில் விளைகிற கதையையும் வீட்டுக்காரர் சொன்ன ப்ளோ ஹோலையும்கூடச் சொன்னேன். துண்டைத் தன் முந்தானையில் தேய்த்து, நெல் உமி மேல் காட்டச் சொன்னேன். உமி ஒட்டியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு அடங்கி, உமியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

"என் பையனுக்கும் ரெண்டு நாளா சோறு எறங்கல" என்றார். "கேட்டா ஷிப்டு டயர்டுன்றான்."

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன், அவரே தொடர்ந்தார்.

"பூ கேக்குறது நமக்குத் தெரியாத விஷயத்துக்கு. கல்லு ஏன் பொளந்துச்சின்னு தெரியல, அதுக்குத்தான் கேக்கலாம்னு இருந்தேன். இப்பதான் தெரிஞ்சிபோச்சே. தெரிஞ்சத போயி சாமிய கேட்டா, ஏண்டி, கண்ணு குடுத்தேனே பாக்கலயான்னு கேக்காதா?" எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "நிச்சயத்த அதே தேதியில வெச்சிக்கலாம். கல்லு வேணாம், உடைஞ்சத போடக்கூடாது. சும்மா தங்க மோதிரம் போதும். வா சம்பந்தி, கோயிலுக்குப் போயிட்டு சாப்புடலாம்."

ரெண்டு பேரும் நடந்தே போனோம். தெற்குச் சுவரில் இருக்கிற குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்தினோம். ஒன்றும் கேட்கவில்லை, கும்பிட்டுவிட்டு மட்டும் வந்தோம். சாயங்காலம் ரயிலில் திரும்பும்போது பெண்ணுக்கு போன் போட்டு, பூ கட்டிப் பார்க்கப் போவதில்லை என்று அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். "ம்மா, அத்தைக்கு உண்மையிலயே கல்லு புடிச்சிதா?" என்று கேட்டாள். அதற்கு முன்னால் அவள் அந்த அம்மாவை அத்தை என்று சொன்னதில்லை. கல்யாணம் நடந்தது. நன்றாக இருக்கிறார்கள்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? எங்கள் தெருவில் கல் டமால் என்று வெடித்ததாகச் சொன்னார்கள். அவர்கள் பக்கத்தில், பெண்ணுக்கு இருந்த தோஷத்தைக் கல் வாங்கிக்கொண்டு உயிரை விட்டதாகச் சொன்னார்களாம். பாய் கண்ணாடியை விற்றுவிட்டார் என்று ஒருவர் என்னிடமே வந்து வருத்தப்பட்டார். போன வருஷம் என் போனுக்கே ஒரு செய்தி வந்தது, புஷ்பராகம் பிளந்துவிட்டது, இதை இத்தனை பேருக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கெடுதல் என்று. படித்துவிட்டு நானும் சம்பந்தியும் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டோம்.

அதனால் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்வதென்றால் தாராளமாகச் சொல்லுங்கள், இருந்தபடியே சொல்லுங்கள். கற்பூரத்தில் காட்டினோம், குளிர்ந்த பால் ஊற்றினோம், டோபாஸ் அதன் வழியில் பிரிந்தது. பாய் விற்றது நல்ல கல். என் பெண்ணுக்கு எந்த தோஷமும் கிடையாது. சாமி கோபித்துக்கொள்ளவும் இல்லை. இதில் ஒரு அற்புதத்தைச் சேர்க்க வேண்டாம், ஒரு சாபத்தையும் சேர்க்க வேண்டாம்.